தெருப்பக்கத்து அறை

பெரியவளுக்குக் கைராசி உண்டு என்று பார்லருக்கு வருகிற பெண்கள் எல்லாரும் சொல்வார்கள். அவள் வெட்டிவிட்ட முடி, வெட்டிய மாதிரியே தெரியாது. தானாக அப்படி வளர்ந்ததுபோல் விழும். கடைவீதியில் செருப்புக்கடைக்கு மேலே, ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய குறுகல் படியில் ஏறிப்போனால் அந்தப் பார்லர். ஐந்து நாற்காலிகள். அதில் சன்னலோரம் வெளிச்சம் விழுகிற நாற்காலி பெரியவளுடையது. மற்ற நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் அவளுக்காகக் காத்திருந்து வெட்டிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள். கல்யாணமான புதிதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது அடுத்தவர் நரைக்குச் சாயம் அடிக்கிற கையோடு தன் நரைக்கும் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்கிற வயதுக்கு வந்துவிட்டாள்.

முதலாளியம்மாவுக்கு 'ஊசி' என்று பட்டப்பெயர். ஆள் ஒல்லி, அதனால் வந்த பெயர் என்று புதிதாகச் சேருகிறவர்கள் நினைப்பார்கள். ஒரு வாரம் போனால் புரிந்துவிடும். அவள் கத்தமாட்டாள், திட்டமாட்டாள். சிரித்த முகமாக ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். அது தோலுக்குள் போய் ஒடிந்துகொள்ளும். தாமதமாக வந்த பெண்ணிடம், "வாம்மா, விருந்தாளி வந்திருக்காங்க, யாராவது தண்ணி குடுங்க" என்பாள். பெரியவள் ஒருமுறை சம்பளத்தைப் பற்றி வாயைத் திறந்தபோது, கஸ்டமர்கள் காதில் விழும்படி, "சீனியர்னா வேலையில சீனியரா இருக்கணும்மா, கேக்குறதுல இல்ல" என்றாள். பெரியவள் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எதிரே உட்கார்ந்திருப்பவளின் முடி கோணிவிடும். வார்த்தையை விழுங்கிவிட்டு வேலையை முடித்தாள். அப்படி விழுங்கியதெல்லாம் சேர்ந்து வயிற்றில் ஒரு கல்லாகவே ஆகிவிட்டது.

சின்னவள் அவளுடைய தங்கை. கூடப் பிறந்தவர்கள் இருவர்தான். அப்பா படுத்த படுக்கையானபோது பெரியவளுக்குக் குடும்பம் இருந்தது, சின்னவளுக்கு இல்லை. அதனால் பார்த்துக்கொள்ளும் வேலை சின்னவள் தலையில் விழுந்தது. அவர் போவதற்குள் அவளுக்குக் கல்யாண வயதும் போய்விட்டது. அப்பா நினைவோடு இருக்கும்போதே வீட்டைப் பிரித்து எழுதி வைத்திருந்தார். தெருவைப் பார்த்த முன்னறை சின்னவளுக்கு. பின்னறையும் சமையலறையும் கொல்லையும் பெரியவளுக்கு. "அவளுக்குன்னு யாரும் இல்ல. தெருவையாவது பாத்துக்கிட்டு உக்காந்திருக்கட்டும்" என்று அதற்குக் காரணம் சொன்னார். பெரியவள் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாடகை வீட்டில் இருந்ததால், முன்னறை பின்னறை என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. முழு வீட்டிலும் சின்னவள் ஒருத்தியே இருந்தாள்.

அப்பா போனபிறகு பெரியவள்தான் தங்கையைப் பார்லருக்குக் கூட்டிப்போனாள். தலை அலசுவது, சாயம் கலக்குவது, பூசுவது சின்னவளின் வேலை. கையுறை போட்டால் வேலை மெதுவாகிறது என்று அங்கே யாரும் போடுவதில்லை, இவளும் போடவில்லை. ஒரு வருஷம் போவதற்குள் விரலிடுக்கில் அரிப்பு வந்தது. பிறகு சிவப்பு. பிறகு தோல் வெடித்து, மடக்கினால் நீர் கசிந்தது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "சாயம் உங்க உடம்புக்கு ஆகல, அவ்வளவுதான். ஒட்டுற நோய் இல்ல. தொடாம இருந்தா தானா ஆறிடும்" என்றார். கூடப் போயிருந்த பெரியவளும் அதைக் காதால் கேட்டாள்.

ஒரு நாள் ஐந்து நாற்காலியிலும் ஆள். பெஞ்சிலும் ஆள். சின்னவள் ஒருத்தியின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ஊசி அவள் பக்கத்தில் போய் நின்று, நிதானமாகச் சொன்னாள்:

"கையைக் கொஞ்சம் துண்டுக்குள்ள வச்சுக்கம்மா. வந்தவங்க சாயம் அடிக்க வந்தாங்களா, உனக்கு மருந்து போட வந்தாங்களான்னு அவங்களுக்கே மறந்துடப் போகுது."

பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். சின்னவளும் கூடவே சிரித்துவிட்டுக் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டாள். பெரியவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நாளையிலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் வரல, மேடம்."

"சரி" என்றாள் ஊசி. "இந்த முடியை முடிச்சுட்டுப் போ. பாதியில நிக்குது."

பெரியவள் முடித்துவிட்டுத்தான் போனாள். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

'என் தங்கச்சியை ஒரு வார்த்தை சொன்னாங்க, அந்த நிமிஷமே உதறிட்டு வந்துட்டேன்' என்று பிற்பாடு பெரியவள் எல்லாரிடமும் சொன்னாள். கேட்டவர்கள் 'தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்' என்று மெச்சினார்கள். அது முழுப் பொய் இல்லை. ஆனால் அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே அவள் அப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முன்னறையைக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள். எங்கே கண்ணாடி, எங்கே வாஷ்பேசின், எந்தச் சுவரில் பிளக் என்பதெல்லாம் அவள் மனதில் எப்போதோ முடிவாகிவிட்டது. பழைய சலூன் நாற்காலிகள் எங்கே கிடைக்கும் என்று புருஷனை விட்டு விசாரித்தும் வைத்திருந்தாள். வெளியே வர ஒரு சாக்கு தேவைப்பட்டது. தங்கையின் கை அந்தச் சாக்கைக் கொடுத்தது.

"உன் ரூம், உன் கடை" என்றாள் சின்னவளிடம். "ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துவோம். இனிமே நம்மள எவ கேக்குறது?"

சின்னவளுக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே தன் கட்டிலையும் இரும்பு பீரோவையும் பின்னறைக்குத் தள்ளினாள். சுவருக்கு வெள்ளையடிக்கும்போது பெயின்டருக்கு ஏணி பிடித்தாள். தரையைத் தேய்த்துக் கழுவினாள், ரத்தம் கசிந்த கையோடு. இரண்டு நாற்காலி வந்தது, ஆள் உயரக் கண்ணாடி வந்தது, சுடுதண்ணீர்க் குழாய் வந்தது. கடைசியாக போர்டு வந்தது. அதில் பெரியவளின் பெயர் மட்டும் இருந்தது.

"ரெண்டு பேரு பேரும் போடறதா சொன்னியேக்கா."

"போர்டுல இடம் பத்தலடி. எழுத்து பொடிசாப் போனா தெருவுலேர்ந்து தெரியாது."

சின்னவள் தெருவில் இறங்கி நின்று பார்த்தாள். எழுத்து நன்றாகத்தான் தெரிந்தது. "அழகா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

கடை திறந்த முதல் மாதம் ஈ ஓட்டுகிற மாதம். இவள் இல்லாவிட்டால் முடியே வெட்டிக்கொள்ள மாட்டோம் என்று சொன்னவர்களில் பாதிப்பேர் பழைய பார்லரிலேயே வேறு கையில் வெட்டிக்கொண்டார்கள். கைராசியைவிட வீட்டுக்குப் பக்கம் என்பதுதான் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது போலிருக்கிறது. பெரியவள் காலையிலிருந்து சாயந்திரம் வரை கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சம்பளம் வாங்குகிற காலத்தில் கஸ்டமர் வராவிட்டால் ஓய்வு. இப்போது கஸ்டமர் வராவிட்டால் நஷ்டம். வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒவ்வொரு காலையும் அவள் மூச்சுவிடாமல் பார்த்தாள்.

தேடிக்கொண்டு வந்தவர்களில் முக்கியமானவள் பேங்க் அம்மா. வங்கியில் பெரிய வேலை. வாய் அதைவிடப் பெரிது. அவள் நல்லது என்று சொன்னால் நாலு பேர் வருவார்கள், சரியில்லை என்றால் பத்துப் பேர் வருவதை நிறுத்துவார்கள். வந்தாள், உட்கார்ந்தாள், சின்னவள் தலையை அலசிவிட்டாள். வெட்டி முடித்துக் கிளம்பும்போது பேங்க் அம்மா பெரியவளை வாசல்பக்கம் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. அந்தப் பொண்ணு கையில என்ன?"

"அவ என் தங்கச்சிம்மா. சாயம் ஆகாம வந்தது. ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு" என்றாள் பேங்க் அம்மா.

அடுத்த முறை வரும்போது அவள் வீட்டிலேயே தலைக்குக் குளித்து, ஈரத்தோடு வந்தாள். பெரியவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மறுநாள் சின்னவளுக்குக் கையுறை வந்தது. கையுறைக்குள் வேர்த்து, புண் இன்னும் ஊறியது. பிறகு தலை அலசுகிற வேலை போய், முடி கூட்டுகிற வேலை மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவும் போய்விட்டது. முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு திரை தொங்கியது; சின்னவள் அதற்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து துண்டு துவைத்தாள்.

"சோப்புத்தண்ணி எரியுதுக்கா."

"எனக்குந்தான் நாள் பூரா நின்னு கால் எரியுது. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"கை ஆறணும்னா தண்ணியில வைக்காம இருக்கணும்னு டாக்டர்..."

"அப்ப துண்டை யாரு துவைக்கிறது? கஸ்டமரா?"

சின்னவள் துவைத்தாள். வீட்டின் ஓரமாக, சாக்கடையை ஒட்டி ஒரு சந்து இருந்தது. வெளியே போக வர அந்தச் சந்தையே பயன்படுத்தும்படி பெரியவள் சொன்னாள். 'ஆள் இருக்கும்போது முன்பக்கம் தலை காட்டாத' என்று முதல் முறை சொன்னபோது அவள் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை நேராகப் பார்த்தே சொன்னாள். மூன்றாம் முறை சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கண்ணைக் காட்டினாலே சின்னவள் நகர்ந்துவிட்டாள்.

கடை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. பேங்க் அம்மா தன் ஆபீஸ் பெண்களை அனுப்பினாள். அவர்கள் ஃபேஷியல் கேட்டார்கள். ஃபேஷியல் என்றால் படுக்கவைக்க ஒரு தனி அறை வேண்டும். அறையோ பின்னால் இருந்தது. அதில் ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் ஒரு தங்கையும் இருந்தார்கள்.

"கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுல வந்து இரேன்" என்றாள் பெரியவள். "பிள்ளைங்களும் சித்தி சித்தின்னு உயிரை விடுதுங்க."

சின்னவள் அந்த இரண்டு அறை வாடகை வீட்டில், பாத்ரூமுக்குப் போகிற வழியில் பாய் விரித்துப் படுத்தாள். காலையில் முதலில் எழுந்தவள் அவள்தான். எழாவிட்டால் மற்றவர்கள் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். எழுந்தவள் சும்மா இருக்க முடியுமா? சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், துணி துவைத்தாள். கடைத் துண்டுகளும் மூட்டை மூட்டையாக அங்கேயே வந்தன.

பெரியவளின் புருஷன் டயர் கடையில் விற்பனையாளர். வாயில்லாப் பூச்சி. அவருக்கே ஒரு நாள் பொறுக்கவில்லை.

"இடம் குடுத்தா மடம் பிடுங்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். வீட்டுலயே பாப்பேன்னு நினைக்கல. அவ ரூமை விட்டு அவளையே கிளப்பிட்டியே."

"கிளப்பி நடுத்தெருவுலயா விட்டேன்? நம்ம வீட்டுலதான வச்சிருக்கேன். அவ்வளவு கரிசனம்னா, நீங்க டயர் வித்துக் கிழிச்சதுல இன்னொரு ரூம் கட்டிக் குடுங்க."

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மச்சினியின் முகத்தைப் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டை சின்னவள்தான் கடைக்குக் கொண்டுவருவாள். சந்து வழியாக வந்து, கொல்லைப்பக்கம் வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு நாள் கொல்லைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினாள், ட்ரையர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் தெருப்பக்கம் சுற்றிவந்து, வாசலில் நின்று, "அக்கா, சாப்பாடு" என்றாள்.

உள்ளே மூன்று பேர். அதில் ஒருத்தி பேங்க் அம்மா. அவள் கண்ணாடிக்குள்ளேயே சின்னவளைப் பார்த்தாள். பிறகு டிபன் பாக்ஸைப் பார்த்தாள்.

"இவதான் உங்க வீட்டுல சமையலா?"

"ஐயோ, இல்லம்மா" என்றாள் பெரியவள். "காலையில நானே செஞ்சு வச்சுட்டு வந்துட்டேன். இவ எடுத்துட்டு வந்தா, அவ்வளவுதான்."

"அதானே" என்றாள் பேங்க் அம்மா. ஆனால் அவள் பார்வை பாக்ஸை விட்டுப் போகவில்லை.

பெரியவள் எழுந்து போய், பாக்ஸின் பிடியை இரண்டு விரலால் வாங்கினாள். எதற்காக அப்படிச் செய்தோம் என்று அவள் பின்னால் யோசித்ததுண்டு. அந்தச் சமயத்தில் யோசிக்கவில்லை. மூடியைத் திறந்து, வெட்டிய முடி கிடந்த குப்பைக்கூடையில் சாப்பாட்டைக் கவிழ்த்தாள். காலிப் பாக்ஸை வாசல்படியில் வைத்தாள்.

"போ. வீட்டுக்குப் போய் அந்த பாக்ஸை வெந்நீர்ல கழுவி வை."

பேங்க் அம்மா திருப்தியாகக் கண்ணாடிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னவள் பாக்ஸை எடுக்கவில்லை. குப்பைக்கூடையை ஒரு தரம் பார்த்தாள், அக்காவை ஒரு தரம் பார்த்தாள், படி இறங்கிப் போனாள். பெரியவளுக்குப் பசித்தது. பக்கத்துக் கடையில் பிஸ்கட் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த ஆளை உட்காரச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அடுப்பு பற்றவைக்கப்படாமல் கிடந்தது. பாத்ரூம் வழியில் பாய் சுருட்டி வைத்திருந்தது. பிள்ளைகள் சித்தி எங்கே என்று கேட்டார்கள். "வருவா, எங்க போயிடுவா" என்றாள் பெரியவள்.

அவள் போன இடம் நாலு நாள் கழித்து பேங்க் அம்மா மூலமாகவே தெரியவந்தது. செருப்புக்கடை மாடியில், பழைய பார்லரில், கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து போன் எடுத்துக்கொண்டிருக்கிறாளாம். யார் எப்போது வரவேண்டும் என்று நேரம் குறிக்கிற வேலை. சாயமும் இல்லை, சோப்பும் இல்லை. ஊசி அவளுக்குப் படுக்க ஸ்டோர் ரூமையும் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாளாம்.

பெரியவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. தங்கை பசித்துக் கிடந்தாள் என்று கேட்டிருந்தால்கூட அவ்வளவு கொதித்திருக்க மாட்டாள். தான் எவளை உதறிவிட்டு வந்தாளோ அவள் மடியிலேயே தங்கை போய் விழுந்திருக்கிறாள். ஊர் தன்னைப் பற்றித்தானே பேசும்? பேசுவதற்குள் தான் முந்திக்கொள்ளவேண்டும் என்று முடிவு செய்தாள்.

முடி வெட்டுகிறவள் சொல்கிற சேதி நேராகக் காதுக்குள் போகிற சேதி. பெரியவள் கஸ்டமரின் காதோர முடியை ஒதுக்கும்போது குனிந்து மெல்லச் சொல்வாள்.

"வெளிய சொல்லிடாதீங்க. அவளுக்கு வந்திருக்கிறது தொட்டா ஒட்டிக்கிற நோய். அதனாலதான் நான் மனசைக் கல்லாக்கிக்கிட்டுத் தள்ளி வச்சேன். இப்ப அங்க போய் உக்காந்திருக்கா. அவ தொட்ட சீப்பு, அவ தொட்ட துண்டு எல்லாருக்கும் போகுது. கூடப்பொறந்தவ, நான் எப்படிச் சொல்றது?"

வெளியே சொல்லாதே என்பதைவிட வேகமாக ஒரு சேதியை ஓடவைக்கும் வண்டி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. இரண்டே மாதத்தில் பழைய பார்லரில் பாதி நாற்காலி காற்று வாங்கியது. பெரியவள் கடையில் வாசல்வரை ஆள். புதிதாக இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தாள். அதில் ஒருத்தி ஒரு நாள் தாமதமாக வந்தபோது, "ஏன் அவசரப்பட்டு வந்த, மதியம் சாப்பிட்டுட்டே வந்திருக்கலாமே" என்றாள். அவளுக்குத் தெரியாமல் அந்த இரண்டு பெண்களும் அவளுக்கு 'பிளேடு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் காலை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில், ஊசியும் சின்னவளும் சேர்ந்து படியேறி வந்தார்கள். பெரியவள் முதலில் பார்த்தது தங்கையின் கையைத்தான். புண் இல்லை. வெடிப்பு இல்லை. லேசாக ஒரு கருமை மட்டும் மிஞ்சியிருந்தது.

"என்ன, முடி வெட்டிக்க வந்தீங்களா?" என்றாள்.

ஊசி அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். சின்னவள்தான் பேசினாள்.

"ரூமை மேடத்துக்குக் குடுத்துட்டேன்கா. எழுதியாச்சு."

"எந்த ரூமை?"

"அப்பா எனக்குக் குடுத்த ரூமை. நீ நிக்கிறியே, இது."

பெரியவள் சிரித்தாள். வேலைக்கு வைத்த பெண்கள் சிரிக்கவில்லை. அவளுடைய சிரிப்பும் கொஞ்ச நேரத்தில் முகத்தில் வழிதெரியாமல் நின்றது. கடை, போர்டு, கண்ணாடி என்று எல்லாவற்றையும் யோசித்தவள், சுவர் யாருடையது என்பதை அடியோடு மறந்துபோயிருந்தாள்.

"நான் உன் கூடப்பொறந்தவடி."

"ஆமா. அதனாலதான் இத்தனை நாளா கேக்கல."

பெரியவள் ஊசியின் பக்கம் திரும்பினாள். "பாவம் பாத்துத்தான் இவளைச் சேத்துக்கிட்டீங்கன்னு நினைச்சேன். நீங்களா மேடம் இப்படி?"

"பாவமா?" என்றாள் ஊசி, சிரித்த முகமாக. "நீ பரப்பின பேச்சுல என் கடைக்குப் பாதி ஆள் நின்னுபோச்சு. பாவம் பாக்கறதா இருந்தா முதல்ல எனக்குத்தான் பாக்கணும். என் பார்லர் மாடியில இருக்கு. முட்டி வலிக்காரங்க ஏறமாட்டேங்கிறாங்க. இவகிட்ட தெருவைப் பாத்த ரூம் ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியும். இல்லைன்னா இவளை என்னைக்கோ அனுப்பியிருப்பேன்."

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். இந்த வார்த்தை அவளைக் குத்தியிருக்கும், இங்கேயே அழுதுவிடுவாள், அழுதால் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டுவிடலாம் என்று காத்திருந்தாள். சின்னவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எனக்குத் தெரியும்கா. நான் போன அன்னைக்கே மேடம் நேரா சொல்லிட்டாங்க. ரூமுக்காகத்தான் வச்சுக்கிறேன்னு. நீதான் கடைசிவரைக்கும் சொல்லல."

மாத முடிவுக்குள் காலி செய்யவேண்டும் என்று பேச்சு. பெரியவள் அழுதாள், கத்தினாள், புருஷனைத் தூது அனுப்பினாள். அவர் போய், மச்சினியின் எதிரே நின்று, ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். "கேட்டீங்களா?" என்றதற்கு, "எதை வச்சுக் கேக்குறது?" என்றார்.

பின்னறை பெரியவளுக்குச் சொந்தம். நாற்காலிகளையும் கண்ணாடியையும் அங்கே நகர்த்திக் கடையைத் தொடர்ந்தாள். நடுவில் திரை தொங்கிய இடத்தில் ஊசி செங்கல் சுவர் எழுப்பினாள். இனிப் பின்னறைக்கு வர ஒரே வழி சந்துதான். பேங்க் அம்மா ஒரு தரம் வந்தாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி, மூக்கைப் பொத்தியபடி வந்து உட்கார்ந்தாள். "கைராசியெல்லாம் சரிதான். ஆனா இந்த நாத்தத்துல..." என்று முடிக்காமல் விட்டாள். அடுத்த வாரம் அவள் முன்பக்கமாக, புதுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போவதை பெரியவள் சந்து முனையில் நின்று பார்த்தாள். கவுண்டரில் சின்னவள் இருந்தாள். பேங்க் அம்மா அவள் நீட்டிய கையிலிருந்தே சில்லறையை வாங்கிக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள். வேலைக்கு வைத்த இரண்டு பெண்களும் ஒரு வாரத்துக்கு மேல் சந்துப்பக்கம் வரவில்லை. அவர்களும் முன்னால்தான் இருந்தார்கள்.

சுவருக்கு அந்தப்பக்கம் நாள் முழுக்க ட்ரையர் ஓடிற்று. இந்தப்பக்கம் பெரியவள் கத்தரிக்கோலைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். வேறு தெருவில் இடம் பார்த்தாள். அட்வான்ஸ் கொடுக்கத் தெம்பில்லை. மற்ற பார்லர்களில் வேலை கேட்டாள். கூடப்பிறந்தவளுக்கே இல்லாத நோயைக் கட்டிவிட்டவள் என்ற சேதி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அதை யார் பரப்பினார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவேளை யாருமே பரப்பவில்லை. சின்னவளின் ஆறிய கையை எல்லாரும் கவுண்டரில் பார்த்தார்கள், அது போதுமாயிருந்தது.

மழைக்காலம் வந்து சந்தில் தண்ணீர் நின்றபோது, சின்னவள் ஒரு நாள் செங்கல்மேல் கால் வைத்து வைத்து வந்தாள். உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்றாள்.

"மேடம் ஒரு சீனியர் தேடிக்கிட்டிருக்காங்க. நான் உன் பேரைச் சொன்னேன்."

பெரியவளுக்குக் கண் கலங்கியது. "என்னைப் பாத்தா உனக்கு இன்னும் பாவமாத்தான் இருக்கு, இல்ல?"

"இல்லக்கா" என்றாள் சின்னவள். "நீ நல்லா வெட்டுவ. அதுக்காகச் சொன்னேன்."

அவளிடம் கோபம் இருந்திருந்தால் பெரியவள் பிடித்துக்கொள்ள அது ஒரு கொம்பாக இருந்திருக்கும். அதுகூட இல்லை. ஒரு நாற்காலிக்கு ஆள் வேண்டும், இவள் பொருத்தமான ஆள் என்ற கணக்கு மட்டும் இருந்தது. பெரியவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் நிலுவையில் நின்றது.

வேலைக்குச் சேர்ந்த அன்று பெரியவள் முன்வாசலில் செருப்பைக் கழற்றப் போனாள்.

"ஸ்டாஃப் எல்லாரும் சந்துப்பக்கம் விட்டுட்டு வரணும்" என்றாள் சின்னவள், கவுண்டரிலிருந்து. குரலில் கடுமை இல்லை. எல்லாரிடமும் சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஊசி பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. குத்துகிற வேலைக்கு இனி ஊசி தேவைப்படவில்லை.

அந்த வாரம் ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் முடி வெட்டிக்கொள்ள வந்தாள். பேச்சுப் பிரியை. நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. கண்ணாடியில் பெரியவளைப் பார்த்தாள், திரும்பிக் கவுண்டரைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா? நெத்தியும் மூக்கும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கே."

பெரியவள் கத்தரிக்கோலை விரித்தபடியே நின்றாள். வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டியது கவுண்டர்தான் என்று ஏனோ பட்டது.

சின்னவள் போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினாள்.

"இல்லைங்க" என்றாள். "அவங்க இங்க வேலை பாக்குறாங்க."

பிறகு போனில் யாருக்கோ நேரம் சொல்லத் தொடங்கினாள்.

"ஓ, அப்படியா" என்றாள் அந்தப் பெண். "ஆனா நல்லா ஜாடை இருக்கு."

"தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்குங்க" என்றாள் பெரியவள். பிடரிமுடியைச் சீவி, விரலிடுக்கில் பிடித்து, நேராக வெட்டினாள்.